அப்பா சேர்த்த புத்தகங்களும் அவருக்குப் பிறகான ஒன்றரை வருடமும்

வீட்டில் நிறையப் புத்தகம் சேர்த்து வைத்திருக்கும் வயதான அப்பாவோ அம்மாவோ உங்களுக்கு இருந்தால், இதைப் படித்துவிடுங்கள். எங்கள் அப்பா 2021-ல் இறந்தார். நிலமோ நகையோ பெரிதாக இல்லை. ஏறக்குறைய 2,000 புத்தகங்கள் இருந்தன. வங்கிக் கணக்கு என்றால் வாரிசுச் சான்றிதழ் வாங்கு, இந்தப் படிவத்தை நிரப்பு என்று வழி சொல்ல நாலு பேர் வருவார்கள். புத்தகத்துக்கு அப்படி யாரும் இல்லை. "எடைக்குப் போட்டுடு" என்று ஒரு கூட்டம், "ஏதாவது லைப்ரரிக்குக் குடுத்துடு" என்று இன்னொரு கூட்டம். இரண்டுமே ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடக்கூடிய யோசனைகள். அண்ணன் வெளிநாட்டில். நான் கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டு, அப்பாவின் திருச்சி வாடகை வீட்டுக்கு ஓடி ஓடி இதைத் தனியாகச் செய்து முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. கையிலிருந்து 60,000 ரூபாய்க்கு மேல் போனது. பணம்கூடப் பரவாயில்லை. காப்பாற்றியிருக்கக்கூடிய புத்தகங்கள் சில கண்முன்னால் வீணாகின. அதுதான் இன்னமும் வலிக்கிறது.

என்ன இழந்தேன் என்று புரிய வேண்டுமானால் அவர் என்ன படித்தார் என்று முதலில் சொல்ல வேண்டும். அப்பா 1957-ல் விருதுநகரில் பிறந்தவர். 1972-ல் பக்கத்து சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தபோது அவருக்குப் பதினைந்து வயது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அந்த ஒரு படத்தைப் பார்த்த அதிர்ச்சியை அறுபது வயதிலும் கண் விரித்துச் சொல்வார். பள்ளிக்கூடப் பையனிடம் ஏது காசு? நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, முறை வைத்துப் படிப்பார்களாம். கடைசியில் புத்தகம் யாரிடம் இருக்கும் என்பதில் சண்டையே வருமாம். 1984-ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே வருடத்தில் தொடங்கின. அப்போது அவர் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலைக்குச் சேர்ந்து கல்யாணமும் ஆகியிருந்தது. அப்படியும் நிறுத்தவில்லை. சம்பளக் கவர் வாங்கியதும் முதல் செலவு அதுதான் என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வாள். ராணி காமிக்ஸ் 2005-ல் நிற்கும் வரை விடாமல் வாங்கினார். ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் வாங்கிய தேதியும் ஊரும் சின்ன எழுத்தில் இருக்கும்.

வரலாறு அவருக்கு வந்தது பாட்டி வழியாக. பாட்டி 1950-களில் கல்கி இதழிலிருந்து பொன்னியின் செல்வன் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஊரில் பைண்டரிடம் கொடுத்து கனமான அட்டை போட்டு வைத்திருந்தார். பிற்பாடு குமுதத்திலிருந்து சாண்டில்யன் தொடர்களும் அப்படியே சேர்ந்தன. மணியம் வரைந்த படங்களும் லதா வரைந்த படங்களும் அந்தந்த வாரத்து விளம்பரங்களோடும் துணுக்குகளோடும் அப்படியே இருந்தன. அப்பா அதைப் படித்துவிட்டுக் கதையோடு நிற்கவில்லை. ராஜராஜ சோழனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. சோழர் வரலாறு எழுதிய சதாசிவ பண்டாரத்தார், நீலகண்ட சாஸ்திரி புத்தகங்கள் என்று போய், கடைசியில் காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக்கே போய்விட்டார். ராஜராஜனின் இரண்டாவது ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களைச் சொல்லி, அவர்கள் உறவினர்களின் சொத்தைப் பறிமுதல் செய்ததைப் பற்றிய கல்வெட்டு. கதையில் வந்த ரவிதாசன் கல்லிலும் இருக்கிறான் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த அன்று, பண்டாரத்தார் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறார்: "நேரில் கண்டேன். வெளிச்சம் போதவில்லை. காலையில் வர வேண்டும்." திருவெள்ளறை ஸ்வஸ்திகக் கிணறு, குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, எங்கே போனாலும் திரும்பி வந்து அதைப் பற்றிய பக்கத்தைத் தேடி ஓரத்தில் ஒரு வரி எழுதிவிடுவார். கீழடி பற்றித் தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட சின்னப் புத்தகத்தின் ஓரமெல்லாம் அவர் எழுத்துதான்.

மூன்றாவது பகுதி சிறுவர் புத்தகங்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அம்புலிமாமா, கோகுலம், வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பூந்தளிர் எல்லாம் வீட்டுக்கு வரும். நியூ செஞ்சுரி புத்தகக் கடையில் மாஸ்கோவில் அச்சான ராதுகா, முன்னேற்றப் பதிப்பகப் புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கும். வழவழ தாளில் பக்கம் முழுக்க வண்ணப்படம். 1991-க்குப் பிறகு அவை வருவது நின்றுபோனது. ஆனால் அப்பா உண்மையில் சிறுவர் இலக்கியத்துக்குள் போனது ஓய்வு பெற்ற பிறகு, என் மகளுக்காக. நேஷனல் புக் டிரஸ்ட்டின் (என்.பி.டி.) நேரு பால புத்தகாலய வரிசை, புத்தகக் கண்காட்சியில் கிடைக்கும் மெல்லிய படக்கதைகள் என்று வாங்கிக் குவித்தார். சாயங்காலம் தெருப் பிள்ளைகள் திண்ணையில் உட்கார, சத்தமாக வாசித்துக் காட்டுவார். தமிழே பேச்சு வழக்கில் மட்டும் தெரிந்த பிள்ளைகள்கூட எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தன. எந்தப் புத்தகத்துக்குப் பிள்ளைகள் எந்த இடத்தில் சிரித்தார்கள் என்றுகூட சில பக்க ஓரங்களில் குறித்து வைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் மிகவும் நிறைவாக இருந்த காலம் அதுதான்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். காரியம் முடிந்த கையோடு வீட்டைக் காலி செய்யும் பேச்சு வந்துவிட்டது. வீட்டுக்காரர் நல்லவர்தான், இரண்டு மாதம் தவணை கொடுத்தார். நான் கோவைக்குத் திரும்பி விடுப்புக்கு மனு போட்டுக்கொண்டிருந்த இடைவெளியில், உதவி செய்கிறேன் என்று வந்த உறவினர் ஒருவர் பரணில் இருந்த மூட்டைகளை இறக்கி எடைக்குப் போட்டுவிட்டார். கிலோ 12 ரூபாய். கையில் 500 ரூபாயைக் கொடுத்து, "பூச்சி அரிச்ச பழைய புக்குதாம்மா, இடம் காலியாச்சு" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்த மூட்டைகளில்தான் பூந்தளிரும் எண்பதுகளின் லயன் இதழ்களில் பெரும்பகுதியும் இருந்தன என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பேப்பர்காரரைத் தேடிப் போனபோது சரக்கு லாரி ஏறிப் போயிருந்தது. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது இது. இறப்பு நடந்த வீட்டில் முதல் சில நாட்களில் புத்தகம் இருக்கும் அறையைப் பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பூட்ட முடியாத பரண், கட்டிலடி, குளியலறை மேல் பலகை, எங்கே எது இருக்கிறது என்று போனில் படம் எடுத்து, "இதில் யாரும் கை வைக்க வேண்டாம்" என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே செய்தியாக அனுப்பிவிடுங்கள். துக்க வீட்டில் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். சொல்லிவிடுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களைத் தடுக்க வேறு வழி கிடையாது.

அடுத்து பழைய புத்தக வியாபாரி. எப்படிக் கேள்விப்பட்டாரோ, தானாகவே வந்தார். மரியாதையாகப் பேசினார். அலமாரியை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காமிக்ஸ் எல்லாம் சேத்து நாலாயிரம் தர்றேம்மா. மத்தது எனக்கு வேணாம்" என்றார். வேறு ஒருவர் வந்து எல்லாவற்றையும் சேர்த்து 9,000 என்றார். எனக்கு விலையே தெரியாது. வீடு காலி செய்யும் நெருக்கடியில் காமிக்ஸில் ஒரு கட்டு முதலாமவரிடம் 1,500 ரூபாய்க்குப் போனது. சில மாதங்கள் கழித்து, சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்ளும் விலையைப் பார்த்தேன். அதே காலத்து முத்து காமிக்ஸ், அட்டை கிழியாத ஒரே ஒரு பிரதிக்கு, அந்தக் கட்டு முழுவதற்கும் எனக்குக் கிடைத்ததைவிட அதிக விலை சொல்லப்பட்டது.

இதில் நான் கற்றதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். பழைய புத்தகத்தின் விலை கதையில் இல்லை, அது எத்தனை பேரிடம் மிஞ்சியிருக்கிறது என்பதில் இருக்கிறது. பொன்னியின் செல்வன் அரசுடைமை ஆன நூல், யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன, புத்தகமாக வைத்திருந்தால் பழைய விலை பெரிதாகப் போகாது. ஆனால் முதல் முறை கல்கியில் வந்த பக்கங்களின் பைண்டு, மணியம் படங்களோடு முழுமையாக இருந்தால் அது வேறு சங்கதி. காமிக்ஸும் அப்படித்தான். இரும்புக்கை மாயாவி மறுபதிப்புகள் வந்துவிட்டன, கதை படிக்கப் பழைய பிரதி தேவையே இல்லை. ஆனாலும் சாணித்தாளில் அச்சாகிப் பள்ளிப் பிள்ளைகள் கைகளில் புழங்கிக் கிழிந்துபோன காரணத்தாலேயே அந்த எழுபதுகளின் பிரதி அபூர்வம். அட்டை, நடுப்பக்கம், கடைசிப் பக்கம் மூன்றும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வாசகர் கடிதப் பக்கம், அடுத்த இதழ் விளம்பரம், விலை அச்சான இடம் இவற்றையும் சேகரிப்பவர்கள் கவனிக்கிறார்கள். வியாபாரி வந்தால் "மொத்தமாகத்தான் கொடுப்பேன்" என்றோ "தனித்தனியாக விலை எழுதிக் கொடுங்கள்" என்றோ சொல்லுங்கள். பொறுக்கி எடுக்க மட்டும் விடாதீர்கள். நல்ல பத்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டால், மிச்சத்தை வாங்க யாரும் வரமாட்டார்கள். குறைந்தது மூன்று பேரிடமாவது விலை கேட்காமல் கொடுக்காதீர்கள். ஒரே நாளில் முடிவு சொல்லச் சொல்லி அவசரப்படுத்துகிறவரிடம் கொடுக்கவே வேண்டாம்.

விற்பதோ கொடுப்பதோ வைத்துக்கொள்வதோ, எதுவானாலும் பட்டியல்தான் முதல் வேலை. நான் ஒரு எக்ஸெல் தாளில் ஆரம்பித்தேன். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, அச்சான விலை, நிலை, அப்பாவின் குறிப்பு இருக்கிறதா, எந்தப் பெட்டியில் இருக்கிறது. இந்தக் கடைசி இரண்டும் மிக முக்கியம். பெட்டி எண் இல்லாத பட்டியல் பிறகு உதவாது. தட்டச்சு செய்ய நேரமில்லை என்றால் அட்டையையும் பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டே போங்கள், ராத்திரி உட்கார்ந்து நிரப்பலாம். காமிக்ஸுக்கு இதழ் எண்ணும் மாதமும் போதும். தொடர்ச்சியாக எந்த எண் முதல் எந்த எண் வரை இருக்கிறது, நடுவில் எது இல்லை என்று எழுதுங்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து ஒருமுறை உதறிப் பாருங்கள். அப்பாவின் புத்தகங்களிலிருந்து ரயில் டிக்கெட்டுகள், அம்மாவுக்கு எழுதி அனுப்பாத ஒரு கடிதம், என்னுடைய ஒன்றாம் வகுப்பு மதிப்பெண் அட்டை, எல்லாம் விழுந்தன. ஒரு கல்வெட்டுப் புத்தகத்துக்குள் வைப்புத்தொகை ரசீதே இருந்தது.

பட்டியல் பாதி முடிந்த நிலையில் வீட்டைக் காலி செய்தாக வேண்டியிருந்தது. கோவையில் மாதம் 2,500 ரூபாய்க்கு ஒரு சிறிய அறை பிடித்தேன். வண்டி ஏற்பாடு செய்தவர்கள் அன்று மாலை இறக்குவதாகச் சொல்லிவிட்டு, பெட்டிகளைத் தங்கள் கிடங்கில் தரையிலேயே வைத்திருந்தார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம். கிடங்குக்குள் தண்ணீர் புகுந்தது. எனக்குச் சொல்லவும் இல்லை. வந்து சேர்ந்தபோது அடிவரிசைப் பெட்டிகள் ஊறிப்போயிருந்தன. பணம் கேட்டபோது, "புத்தகம்னு நீங்க விலை எழுதித் தரலையே" என்று கை விரித்துவிட்டார்கள். ராதுகா புத்தகங்கள் அதில்தான் இருந்தன. வழவழப்பான தாள் ஈரத்தோடு ஒட்டிக் காய்ந்தால் பக்கங்கள் பலகை மாதிரி ஆகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. இருபது புத்தகங்கள் அப்படிப் போயின. அண்ணனும் நானும் படித்து வளர்ந்தவை. பெட்டியைத் திறந்த அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

புத்தகம் நனைந்தால் உங்களுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது, அதற்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். வெயிலில் போடாதீர்கள், தாள் முறுக்கிக்கொள்ளும், மை வெளிறும். நிழலில், ஃபேன் காற்றில், புத்தகத்தை நிற்க வைத்து விசிறி போல விரித்து வையுங்கள். சில பக்கங்களுக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத்தாள் வைத்து, அது ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாத அளவு இருந்தால், மீதியை பாலித்தீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடலாம். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது, ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்க நேரம் கிடைக்கும். வழவழ தாள் புத்தகங்களுக்குத்தான் இது முதலில் தேவை. இதை எனக்கு ஒரு நூலகர் பிறகுதான் சொன்னார். அன்றைக்கே தெரிந்திருந்தால் அந்த இருபதில் பாதியாவது பிழைத்திருக்கும். வண்டியில் அனுப்பும்போது பெட்டிக்குள் பெரிய பாலித்தீன் பையை விரித்து அதற்குள் அடுக்குங்கள். பெட்டி சின்னதாக இருக்கட்டும், பெரிய பெட்டியில் புத்தகம் நிரப்பினால் தூக்குகிறவர்கள் போட்டு உடைப்பார்கள். மதிப்பு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூடவே போக முடிந்தால் போய்விடுங்கள்.

பூச்சி விஷயமும் சொல்லிவிடுகிறேன். ராமபாணம் என்கிற வெள்ளிநிறப் பூச்சியும் கரையானும் வேறு வேறு எதிரிகள். ராமபாணத்துக்குப் பிடித்தது பைண்டிங் பசை. மைதா பசை போட்டு ஒட்டிய முதுகை முதலில் தின்னும். பழைய பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது இதற்காகத்தான். பாட்டியின் பைண்டு இத்தனை வருடம் தாங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பாதிக்கப்பட்ட புத்தகத்தைக் காற்றுப் புகாத பையில் கட்டி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுத்தால் பூச்சியும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வியர்த்து நனையும். பாச்சை உருண்டை கரையானைத் தடுக்காது. கரையான் சுவர் வழியாகவும் தரை வழியாகவும் வரும், அதனால் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால் வைத்து உயர்த்தி வைக்க வேண்டும். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் அது மஞ்சளாகி எழுத்தையும் கெடுக்கும். காமிக்ஸ் நடுவில் இருக்கும் பின் துருப்பிடித்திருந்தால் மெதுவாக எடுத்துவிட்டு வெள்ளை நூலால் தைத்துவிடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

நூலகத்துக்குக் கொடுப்பது எளிது என்றுதான் நினைத்திருந்தேன். அருகிலிருந்த ஒரு நூலகத்தில் "லிஸ்ட் இல்லாம வாங்க மாட்டோம்" என்றார்கள். பட்டியலோடு போனதும், காமிக்ஸ் வேண்டாம், பேனா பென்சில் கிறுக்கல் உள்ளது வேண்டாம், பத்து வருடத்துக்கு முந்தைய பொது அறிவுப் புத்தகம் வேண்டாம் என்றார்கள். அப்போது கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர்கள் பக்கமும் காரணம் இருக்கிறது. பதிவேட்டில் எண் போட்டு ஏற்றிய புத்தகம் காணாமல் போனால் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும், இடமும் குறைவு. ஒரு பள்ளி சிறுவர் புத்தகங்களை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டது. அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் கட்டுப் பிரிக்காமல் கண்ணாடி பீரோவில் பூட்டியிருந்தது. கேட்டதற்கு, "பசங்க கிழிச்சிடுவாங்க மேடம்" என்றார்கள். அப்பா அந்தப் புத்தகங்களை வாங்கியதே பிள்ளைகள் கையில் கிழிவதற்காகத்தான். கெஞ்சிக் கேட்டு ஒரு பகுதியைத் திரும்ப வாங்கி வந்தேன்.

எந்தப் புத்தகம் எங்கே போக வேண்டும் என்று பிரிப்பதுதான் இதற்கு விடை. நாட்டின் பெரிய தனியார் தமிழ்ச் சேகரிப்புகளில் ஒன்று கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்தது. 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, இங்கேயே வைத்து 1994-ல் ஆராய்ச்சி நூலகமாக்கினார்கள். இன்று சென்னை தரமணியில் இருக்கிறது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதி உருவாக்கிய ஞானாலயா நூலகமும் ஒரு குடும்பத்தின் உழைப்புதான். இப்படிப்பட்ட இடங்களுக்கு இதழ்கள், பைண்டு தொடர்கள், துண்டுப் பிரசுரங்கள், பழைய பதிப்புகள்தான் பொக்கிஷம். பொது நூலகம் கிறுக்கல் என்று ஒதுக்கும் ஓரக் குறிப்பும் ஆராய்கிறவர்களுக்கு வேண்டியிருக்கும். முதலில் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பி, உங்களிடம் இல்லாதது எது என்று கேளுங்கள். நேரில் மூட்டையோடு போய் நிற்காதீர்கள். பாட்டியின் பைண்டுகளும் மிஞ்சிய முத்து காமிக்ஸும் ஓர் ஆராய்ச்சி நூலகத்துக்குப் போயின. கொடுக்கும்போது மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: பெற்றுக்கொண்டதற்கான பட்டியல், தேவையில்லாத இரட்டைப் பிரதியைத் திருப்பித் தருவார்களா என்பது, குடும்பத்தினர் பிறகு வந்து பார்க்க முடியுமா என்பது.

கொடுப்பதற்கு முன் அப்பாவின் குறிப்புகள் உள்ள பக்கங்களை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஜன்னல் பக்கத்தில், பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கருப்புத் துணி விரித்து எடுத்தால் சாணித்தாளிலும் பென்சில் எழுத்து தெளிவாக வரும். முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து குழுக்களில் போடச் சொல்லி நிறையப் பேர் கேட்டார்கள். நான் செய்யவில்லை. நம் சட்டப்படி எழுதியவர் இறந்த பிறகும் 60 வருடம் உரிமை இருக்கிறது, காமிக்ஸுக்கு வெளிநாட்டு உரிமைகளும் உண்டு. இன்றைக்கும் சிவகாசியிலிருந்து புத்தகம் போட்டுக்கொண்டிருக்கிறவர்கள் வயிற்றில் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்பாவும் செய்திருக்க மாட்டார்.

உங்கள் அப்பா உயிரோடு இருந்தால் இந்த வார இறுதியிலேயே அவரோடு அலமாரி முன்னால் உட்காருங்கள். எது விலைமதிப்பானது என்று நீங்கள் கேட்கக்கூட வேண்டாம், எதை எப்போது எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாலே போதும், அவரே எல்லாம் சொல்லிவிடுவார். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். யாருக்கு எது போக வேண்டும் என்று அவர் வாயாலேயே கேட்டு ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். அப்படி ஒரு பக்கம் என்னிடம் இருந்திருந்தால், எடைக்குப் போட்ட மூட்டையில் என்ன இருக்கிறது என்று உறவினருக்கும் தெரிந்திருக்கும், அண்ணனிடம் தொலைபேசியில் மாதக்கணக்கில் விவாதம் செய்திருக்கவும் வேண்டாம்.

வரலாற்றுப் புத்தகங்களை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அவற்றை வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன், பண்டாரத்தாரில் இப்போது இரண்டாம் பகுதி. சிறுவர் புத்தகங்கள் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், பூட்டில்லாத இரும்பு அலமாரியில் இருக்கின்றன. என் மகளும் அவள் தோழிகளும் பார்த்துக்கொள்கிறார்கள். பதிவேடு ஒரே ஒரு நோட்டு, எடுப்பவர் தன் பெயரைத் தமிழில் எழுத வேண்டும் என்பது மட்டும் விதி. கிழிந்து வருபவற்றை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒட்டுகிறோம். சில திரும்பி வருவதில்லை. அந்த இடத்துக்குப் புதிதாக வாங்கி வைக்க மாதம் 300 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன், அண்ணனும் அவ்வளவே அனுப்புகிறான்.